முதலாளி சொன்னார் என்பதற்காக லைசென்ஸ் இல்லாமல் லாரி ஓட்டலாமா?

கேள்வி: எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒர்க் பெர்மிட்டில் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் டிரைவர் லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் ஊரில் டாட்டா ஏஸ் ஓட்டியவன், இந்திய லைசென்ஸ் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, முதலாளி 10 அடி லாரியின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். காலையில் டார்மில் (தொழிலாளர் விடுதியில்) இருந்து ஆட்களை ஏற்றி சைட்டில் இறக்க வேண்டும், சாயந்திரம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். சிங்கப்பூர் லைசென்ஸ் இல்லையே என்றேன். "போலீஸ் பிடிச்சா ஃபைனை நான் கட்டுறேன், ஏதாவது ஆச்சுன்னா சூப்பர்வைசர் ஓட்டினதா சொல்லிக்கலாம்" என்கிறார். மாட்டேன் என்று சொன்னால் பெர்மிட்டை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயம். ஏஜென்டுக்காக வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. சில வாரங்களாக ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். என் இந்திய லைசென்ஸ் இங்கே செல்லாதா? மாட்டினால் என்ன ஆகும்?

பதில்: தம்பி, நாளைக் காலையில் அந்த லாரியை எடுக்காதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, இது மட்டும் நிற்கட்டும். முதலாளியிடம் எப்படிச் சொல்வது, வேலை என்ன ஆகும் என்பதையெல்லாம் கீழே விவரமாக எழுதுகிறேன்.

உங்கள் இந்திய லைசென்ஸ் நல்ல லைசென்ஸ்தான், ஆனால் இந்த வேலைக்குச் செல்லாது. வெளிநாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் பாதி உண்மை. இந்தியாவில் இருந்து வருபவர், ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊர் லைசென்ஸையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்த லைசென்ஸில் உள்ள வகை வண்டியை அதிகபட்சம் 12 மாதம் ஓட்டலாம். அதற்கு மேல் தங்குபவர் சிங்கப்பூர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். நீங்கள் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, ஆகவே அந்தச் சலுகை உங்களுக்கு எப்போதோ முடிந்துபோனது. பெர்மிட்டில் இருந்துகொண்டு வேலையாகவே வண்டி ஓட்டுபவர்களுக்கு விதி இதைவிட இறுக்கம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. நீங்கள் போன வருஷமே இந்திய லைசென்ஸை இங்கே மாற்றியிருந்தாலும் இந்த லாரியைத் தொட முடியாது. 2017 ஜூனில் இருந்து, வேலை பாஸில் இருக்கும் வெளிநாட்டவர் எழுத்துத் தேர்வு மட்டும் எழுதி லைசென்ஸை மாற்றினால் கிடைப்பது கிளாஸ் 3சி. அது காருக்கு. சரக்கு வண்டி, சின்ன பஸ் எதற்கும் அது ஆகாது. 10 அடி லாரிக்குக் கிளாஸ் 3 வேண்டும், அதற்குச் சாலையில் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். பெரிய லாரி என்றால் கிளாஸ் 4. சட்டத்தின் பார்வையில் தவறான வகை லைசென்ஸோடு ஓட்டுபவரும் லைசென்ஸே இல்லாமல் ஓட்டுபவரும் ஒன்றுதான். உங்கள் டார்மில் 3சி கார்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக லாரி ஓட்டும் நண்பர் யாராவது இருந்தால், இந்தப் பத்தியை அவருக்கும் காட்டுங்கள்.

சரி, மாட்டினால் என்ன ஆகும்? சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 35-ஆவது பிரிவுப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு முதல் தடவையே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது 3 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மறுபடி செய்தால் 20,000 வெள்ளி, 6 வருஷம் வரை போகும். வண்டியையே பறிமுதல் செய்யவும் வழி உண்டு. 2019-இல் சட்டத்தைத் திருத்தித்தான் தண்டனையை இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். "சின்ன ஃபைனோட விட்டுடுவான்" என்று டார்மில் சொல்லும் பழைய ஆட்கள் அதற்கு முந்தைய காலத்தை நினைத்துச் சொல்கிறார்கள். இவை உச்சவரம்புகள். விபத்து எதுவும் இல்லாமல் முதல் முறை பிடிபட்டவருக்கு நீதிமன்றம் உச்சத்துக்குப் போவதில்லை. ஆனால் அபராதம் குறைவாக வந்தாலும் குற்றப் பதிவு குற்றப் பதிவுதான்.

இதோடு இரண்டாவது குற்றச்சாட்டு ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். கம்பெனி லாரிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று முதலாளி சொல்வார். பாலிசியை எடுத்துப் பாருங்கள். யார் ஓட்டலாம் என்ற இடத்தில், அந்த வகை வண்டிக்கு உரிய லைசென்ஸ் உள்ளவர் மட்டும் என்று இருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த நிமிடத்தில் அந்த இன்ஷூரன்ஸ் உங்களைப் பொறுத்தவரை இல்லாததுபோல் ஆகிவிடும். இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது இங்கே தனிக் குற்றம். 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அதோடு 12 மாதத்துக்கு லைசென்ஸ் எடுக்கவோ வைத்திருக்கவோ தடை. தனிக் காரணம் காட்டினாலொழிய நீதிமன்றம் அந்தத் தடையை விலக்குவதில்லை. பின்னால் முறையாக லைசென்ஸ் எடுத்து டிரைவராக நல்ல சம்பளத்துக்குப் போகலாம் என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால், அந்த வழியையும் இது அடைத்துவிடும்.

விபத்து நடந்துவிட்டால் பணக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். ரோட்டில் போகும் ஒருவருக்கு அடிபட்டால், சட்டப்படி இன்ஷூரன்ஸ் கம்பெனி அவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வரலாம். கொடுத்துவிட்டு, உங்கள் கம்பெனியிடமும் உங்களிடமும் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும். முதுகெலும்பில் அடிபட்ட ஒருவரின் ஆயுள் முழுவதற்குமான மருத்துவச் செலவை, நாள் கூலி வாங்கும் ஒருவர் எந்த ஜென்மத்தில் கட்டி முடிப்பது? ஏஜென்ட் கடனை நினைத்துத்தானே முதலாளிக்குத் தலையாட்டுகிறீர்கள். அந்தக் கடனை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

உங்கள் லாரியின் பின்னால் உட்கார்ந்து வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 20-ஆம் தேதி காலையில், தீவு விரைவுச்சாலையில் 17 தொழிலாளர்களை ஏற்றிப்போன லாரி ஒன்று, ஓரமாக நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதியது. இரண்டு பேர் இறந்தார்கள். லைசென்ஸ் விவகாரத்துக்காக அதை நான் இங்கே குறிப்பிடவில்லை. லாரியின் பின்புறத்தில் சீட்டும் பெல்ட்டும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு ஒரு மோதல் என்ன செய்யும் என்பது அன்றைக்கு இந்த ஊருக்கே தெரிந்தது. விடிவதற்கு முன் எழுந்து, அரைத் தூக்கத்தில் பின்னால் சாய்ந்து வரும் அத்தனை பேரும் உங்கள் கையை நம்பி ஏறுகிறார்கள். ஊரில் நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டியிருந்தாலும் சரி, இந்த ஊர் விரைவுச்சாலையில் ஆட்களோடு லாரி ஓட்ட இங்கே உங்களைச் சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

முதலாளி சொன்ன இரண்டு வார்த்தைகளுக்கு இப்போது வருகிறேன். "ஃபைனை நான் கட்டுறேன்" என்பது வாய்ப்பேச்சு. நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும்போது உங்கள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அபராதத்தை அவர் கட்டினாலும் சிறையை அவர் ஏற்க முடியாது. பதிவும் தடையும் உங்கள் எஃப்ஐஎன் நம்பரில்தான் (வெளிநாட்டவருக்கு இங்கே கொடுக்கும் அடையாள எண்) ஏறும்.

அடுத்த வார்த்தை இதைவிட ஆபத்தானது. சூப்பர்வைசர் ஓட்டியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாரே, அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது ஒரு குற்றம். போலீஸிடம் ஓட்டியவரை மாற்றிச் சொல்வது வேறு குற்றம், அதைவிடப் பெரியது. நீதி விசாரணையைத் தடுத்தல் என்ற பிரிவில் 7 வருஷம் வரை சிறை உண்டு. சொன்னவர், சொல்லச் சொன்னவர், ஒத்துக்கொண்டு தலையாட்டியவர் எல்லாரும் சிக்குவார்கள். என்னிடம் வந்த ஒரு தம்பியின் வழக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது நின்றிருந்த காரில் லேசான இடி, ஆளுக்கு ஒன்றும் இல்லை. அவர் பாட்டுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தால் லைசென்ஸ் வழக்கோடு போயிருக்கும். முதலாளி போனில் சொன்னபடி வேறொருவர் பெயரைச் சொன்னார். எதிரே இருந்த கடையின் கேமராவில் கதவைத் திறந்து இறங்கும் அவர் முகம் தெளிவாக இருந்தது. விசாரணை அதிகாரி அந்தப் படத்தை மேசைமேல் வைத்தபோது, இடித்த காரைப் பற்றி அங்கே யாருமே பேசவில்லை. இங்கே லாரிகளில் டேஷ்கேம், ரோட்டில் கேமரா, டார்ம் கேட்டில் கேமரா என்று எங்கும் கண் இருக்கிறது. இந்தப் பொய் நிற்காது.

பெர்மிட் விஷயம். மாட்டியவுடன் பல நேரங்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். விசாரணை முடியும் வரை நாட்டை விட்டுப் போக முடியாது. கம்பெனி பெர்மிட்டை கேன்சல் செய்துவிட்டால் கையில் ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். அது இங்கே தங்கியிருக்க மட்டும்தான், தனியாக அனுமதி கிடைக்காமல் வேலைக்குப் போக முடியாது. சம்பளம் இல்லை, ஊருக்கும் போக முடியாது, வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் வருபவர்களை அதிகம் உடைப்பது தண்டனையைவிட இந்தக் காத்திருப்புதான். வழக்கு முடிந்து தண்டனையும் ஆகிவிட்டால், மறுபடி சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதி கிடைக்காமல் போகலாம். உங்கள் பெர்மிட்டில் என்ன வேலை எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளி என்று மட்டும் இருந்து, தினமும் டிரைவர் வேலை பார்த்தால், மனிதவள அமைச்சு அதைத் தனியாகக் கேட்கும்.

இனி, எப்படி மறுப்பது. உங்கள் பயம் நியாயமானது. வேலை போனால் குடும்பம் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் யாரும் "தைரியமா இரு" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். ஆனால் உங்களுக்கும் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. அதே 35-ஆவது பிரிவு, லைசென்ஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்து ஓட்டச் சொல்பவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. தண்டனையும் அதே அளவுதான். லாரி பறிமுதல் ஆனால் நஷ்டமும் அவருக்குத்தான். பல சின்ன கம்பெனி முதலாளிகளுக்கு இது தெரியாது. தெரிந்ததும் பலர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

சண்டை போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். "பாஸ், எனக்கு சிங்கப்பூர் கிளாஸ் 3 லைசென்ஸ் இல்லை. லாரி ஓட்டினால் எனக்கும் உங்களுக்கும் கேஸ் வரும், இன்ஷூரன்ஸும் கிடைக்காது. சைட் வேலை எதுவானாலும் செய்கிறேன். டிரைவர் வேலைக்கு அனுப்ப விருப்பம் என்றால் முறையாக லைசென்ஸ் எடுக்கத் தயார்." இப்படி அனுப்பினால் போதும். அவருக்குப் புரியும் மொழியில் அனுப்புங்கள், நண்பரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம். நேரில் பேசினாலும், பேசியதை அன்றைக்கே செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். வேலைக்கு வர மறுத்தீர்கள் என்று பின்னால் அவர் சொல்ல முடியாதபடி, மற்ற வேலைக்குத் தயார் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அதற்கும் மசியாமல் மிரட்டினால், வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்குப் போங்கள். தொழிற்சங்கக் காங்கிரஸும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. மனிதவள அமைச்சிடமும் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். தெக்காப் பக்கம் (லிட்டில் இந்தியா) ஞாயிற்றுக்கிழமை போகும்போது, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பைப் பற்றி விசாரித்தால் வழி சொல்ல ஆள் இருப்பார்கள், ஹோம் என்ற இன்னொரு அமைப்பும் இருக்கிறது. இங்கெல்லாம் தமிழில் பேசி உதவி கேட்க முடியும். அப்புறம், கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிவதற்கு 40 நாளில் இருந்து 21 நாள் முன்பு வரையுள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புதிய கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். உங்கள் பெர்மிட் தேதியை இன்றைக்கே பார்த்துக் குறித்து வையுங்கள். கதவு ஒன்றுதான் என்று நினைத்தால்தான் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டும்.

இதுவரை ஓட்டியதற்கு என்ன செய்வது என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அதுவும் மனதில் உறுத்தும் என்று தெரியும். ஓட்டிய ஒவ்வொரு நாளும் குற்றம்தான், அதை மறைத்துப் பேசி உங்களைத் தேற்ற மாட்டேன். இன்றோடு நிறுத்துவது உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும். முதலாளி ஓட்டச் சொன்ன செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். நீங்களாக ஆசைப்பட்டு வண்டியை எடுக்கவில்லை என்பதற்கு அவைதான் ஆதாரம். குற்றத்தை அவை இல்லாமல் ஆக்காது, ஆனால் தண்டனையைத் தீர்மானிக்கும்போது பேசும். யாரிடமும் வாக்குமூலம் கொடுப்பதற்கு முன், புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை முகாம் ஒன்றில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

அதற்குள் போலீஸ் கூப்பிட்டுவிட்டால் போகாமல் இருக்காதீர்கள். போய், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். எழுதியதை முழுவதும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். புரியாத ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டாம். கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கும் தகவல் சொல்லலாம். அவர்களால் வழக்கை நிறுத்த முடியாது, ஆனால் வீட்டாருக்குச் செய்தி சொல்லவும் வழக்கறிஞரை அடையவும் உதவி கிடைக்கும்.

ஒருவேளை லாரி ஓட்டும்போது உங்களுக்கே அடிபட்டிருந்தால், லைசென்ஸ் இல்லை என்பதால் வேலைக் காய இழப்பீடு கிடையாது என்று கம்பெனி சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கம்பெனி வேலையில் அடிபட்டால் யார் தவறு என்று பார்க்காமல் கொடுக்கும் இழப்பீடு அது. பெர்மிட் கேன்சல் ஆன பிறகும் கோரலாம்.

கடைசியாக, லைசென்ஸ் எடுப்பது பற்றி. உங்களுக்கு ஓட்டுவது பிடிக்கும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இங்கே கட்டுமானத் தொழிலாளியாகவும் டிரைவராகவும் சேர்த்து வேலை பார்ப்பவர்களுக்கு எப்போதும் தேவை உண்டு, சம்பளமும் கூடுதல். உபியில், புக்கிட் பாத்தோக்கில், உட்லண்ட்ஸில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. முதலில் அடிப்படை எழுத்துத் தேர்வு, 50 கேள்விக்கு 45 சரியாக இருக்க வேண்டும். பிறகு அடுத்த எழுத்துத் தேர்வு, கடைசியில் ஓட்டிக் காட்டும் தேர்வு. ஊரில் ஓட்டிய பழக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது தோள் திருப்பிப் பார்ப்பதிலும் லேன் மாறுவதிலும்தான். அதைப் பயிற்சியில் சரிசெய்துவிடலாம். கட்டணத்தைக் கம்பெனி ஏற்குமா என்று அந்த வாட்ஸ்அப் செய்தியிலேயே கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகள் ஏற்கின்றன. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், டிரைவர் வேலையும் சேர்த்து உங்கள் பெர்மிட்டில் பதிவு செய்யச் சம்மதமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது பெர்மிட் கார்டு, வேலை ஒப்பந்தம், முதலாளி அனுப்பிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட், லாரி நம்பர், ஓட்டிய தேதிகள் எழுதிய தாள் எல்லாவற்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.